தொலைபேசிக் கம்பியும் குறுந்தகடும்: இந்தியாவுக்கு லினக்ஸ் வந்த வழி

1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. தனிநபருக்கான தொலைபேசிவழி இணைப்பின் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். 250 மணி நேரத்துக்குக் கட்டணம் 5,000 ரூபாய். இந்த எண்களை வைத்துக்கொண்டு ஓர் எளிய கணக்குப் போடலாம். அந்த வேகம் ஒரு கணமும் குறையாமலும் இணைப்பு ஒருமுறையும் அறுந்துபோகாமலும் இருந்தால், 250 மணி நேரத்தில் இறங்கக்கூடிய தரவு ஏறத்தாழ 1 ஜிகாபைட். 650 மெகாபைட் கொள்ளும் ஒரே ஒரு குறுந்தகட்டின் உள்ளடக்கத்தை இறக்குவதற்கு 158 மணி நேரம் வேண்டும். கட்டிய பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே கரைந்துவிடும். தொலைபேசிக் கட்டணம் இதற்குப் புறம்பு.

அதே ஆண்டுகளில்தான் லினக்ஸ் இயங்குதளத்தை ‘இணையம் ஈன்ற பிள்ளை’ என்று உலகம் கொண்டாடத் தொடங்கியது. ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத நிரலாளர்கள் வலைப்பின்னல் வழியே கூடி உருவாக்கினார்கள். வேண்டியவர்கள் வலைப்பின்னல் வழியே எடுத்துக்கொண்டார்கள் என்பதே அந்தக் கதையின் சாரம். இந்தியாவிலோ வலைப்பின்னல் என்பது கரகரக்கும் ஒரு தொலைபேசிக் கம்பி. ஆனாலும் 1990களின் இறுதிக்குள் இந்நாட்டின் கல்லூரி ஆய்வகங்களிலும் சிறு நிறுவனங்களிலும் சில வீடுகளிலும் லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அது எந்த வழியாக வந்தது என்ற கேள்வி, இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றில் உரிய கவனம் பெறாத ஒன்று. விடை தேடிப் போனால் இணையத்தின் வரலாற்றைவிடப் படியெடுத்தலின் வரலாறே அதிகம் கிடைக்கிறது. யார் யாருக்குப் படியெடுத்துக் கொடுத்தார்கள், எதன்மீது எழுதிக் கொடுத்தார்கள், எந்த உரிமையில் கொடுத்தார்கள் என்பதே அதன் உள்ளடக்கம்.

*

முதலில் வழக்கமான கதையைப் பார்க்கலாம். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவரும் இயங்குதளத்தைப் பற்றி மினிக்ஸ் பயனர்களுக்கு அறிவித்தார். செப்டம்பரில் 0.01 பதிப்பு வெளிவந்தது. அதைப் பொதுவில் வைப்பதற்கு ஃபின்லாந்துப் பல்கலைக்கழக வலையமைப்பின் கோப்பு வழங்கியில் இடம் ஒதுக்கித் தந்தவர் ஆரி லெம்கே. ‘லினக்ஸ்’ என்ற பெயரை அந்தக் கோப்புறைக்கு இட்டவரும் அவரே. 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங்கின் ஸ்லாக்வேர் வழங்கலும் ஆகஸ்டில் இயன் மர்டாக்கின் டெபியன் அறிவிப்பும் வந்தன.

இந்த வரலாற்றில் எல்லா இடத்திலும் இருந்துகொண்டு எங்குமே பெயர் சொல்லப்படாத பாத்திரம் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்தின் நிலையான இணைப்புதான் அது. வீட்டிலிருந்து தொலைபேசிவழி இணைந்த மேற்கத்தியப் பயனருக்கும் இன்னொரு வசதி இருந்தது. அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளுக்கு உள்ளூர் அழைப்பு மாதக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். இரவு முழுக்க இணைப்பைத் திறந்து வைத்திருந்தாலும் கூடுதலாக ஒரு காசு ஏறாது. இணைப்பு என்பது குழாய்த் தண்ணீர்போல் இருக்கும் இடத்தில் அதைப் பற்றி யாரும் வரலாறு எழுதுவதில்லை. குடத்தில் சுமந்து வருகிற ஊரில்தான் தண்ணீருக்கு வரலாறு இருக்கிறது.

இந்தியாவில் முதல் கிணறு கல்வி நிறுவன வளாகங்களில் வெட்டப்பட்டது. 1986இல் மின்னணுவியல் துறையும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து எர்நெட் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பைத் தொடங்கின. தில்லி, பம்பாய், கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐஐடிகள், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், மின்னணுவியல் துறை ஆகிய எட்டும் அதன் தொடக்க உறுப்பினர்கள். அந்த வளாகங்களுக்கு வெளியே இருந்தவர்களுக்கு 1995 வரை பொது இணையம் என்று ஒன்று இல்லை.

1995க்குப் பிறகும் திறந்த கதவு குறுகலானதுதான். நூறு பேருக்கு இரண்டு தொலைபேசி இணைப்புகூட இல்லாத நாடு அது. மாணவர்களுக்கு ஆண்டுக்கு 500 ரூபாயில் கிடைத்தது எழுத்தை மட்டுமே காட்டும் ஷெல் கணக்கு. படமும் சாளரமும் கொண்ட இணையத்தை அதில் காண இயலாது. இணையமுனை இல்லாத சிற்றூரில் இருப்பவர் வெளியூர் அழைப்புக் கட்டணத்தில் பெருநகரத்தை எட்ட வேண்டியிருந்தது. 1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு இணையச் சேவை திறந்துவிடப்பட்ட பிறகுதான் விலை இறங்கத் தொடங்கியது. அப்போதும் உள்ளூர் அழைப்புக்கான மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஆக, அமெரிக்கப் பயனர் வேகத்தை மட்டும் எண்ணினார்; இந்தியப் பயனர் வேகத்தோடு நிமிடத்தையும் எண்ணினார்.

*

இத்தகைய இணைப்பின் வழியே ஓர் இயங்குதளத்தை இறக்குவது என்றால் நடைமுறையில் என்ன?

ஸ்லாக்வேர் நெகிழ்வட்டுப் படிமங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. அடிப்படை அமைப்பு ஒரு தொகுதி, நிரலாக்கக் கருவிகள் ஒரு தொகுதி, வலையமைப்பு ஒரு தொகுதி, எக்ஸ் சாளர அமைப்பு ஒரு தொகுதி என்று வரிசை வரிசையாக வட்டுகள். 1994 அக்டோபரில் வந்த 2.1 பதிப்பில் 1.44 மெகாபைட் வட்டுகள் மொத்தம் 73. நொடிக்கு 9.6 கிலோபிட்டில் ஒரு வட்டு இறங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். 73 வட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 25 மணி நேரம். இந்தப் பகுப்பு தற்செயலாக ஏற்றதாக அமைந்தது. எல்லாவற்றையும் இறக்க வேண்டியதில்லை. அடிப்படைத் தொகுதியை மட்டும் இறக்கினால் கறுப்புத் திரையில் ஒரு யுனிக்ஸ் கிடைத்துவிடும். அழகு பிறகு வரட்டும் என்று காத்திருக்கலாம். வறுமை கற்பித்த முன்னுரிமை இது. வரைகலைக்கு முன் கட்டளை வரியைப் பழகிய ஒரு தலைமுறை உருவானதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறக்கிய படிமத்தை டாஸ் சூழலில் ராரைட் என்ற சிறு நிரலைக் கொண்டு வட்டில் எழுத வேண்டும். வட்டில் ஒரே ஒரு துண்டம் பழுதாக இருந்தாலும் நிறுவல் நடுவழியில் நின்றுவிடும். பழுதானது எத்தனையாவது வட்டு என்பதைப் பார்த்து அதை மட்டும் மீண்டும் இறக்க வேண்டும். இடையில் பக்கத்து அறையில் யாராவது இணைத்தொலைபேசியைக் கையில் எடுத்தாலும் இணைப்பு போய்விடும். ஆகவே மாலை நெரிசல் ஓய்ந்த பின்னிரவே இறக்குவதற்கு உகந்த பொழுதாயிற்று.

ஷெல் கணக்கு வைத்திருந்தவருக்கு வேலை இரண்டு கட்டம். முதலில் தொலைதூர வழங்கியிலிருந்து தம் கணக்கு இருக்கும் கணினிக்குக் கோப்பை வரவழைக்க வேண்டும். அங்கிருந்து இசட்மோடம் அல்லது கெர்மிட் நெறிமுறையால் தொலைபேசிவழி வீட்டுக்கு இறக்க வேண்டும். அங்கே ஒதுக்கப்பட்ட சேமிப்பிடம் சிறிதென்பதால் இறக்கியதை உடனே அழித்து அடுத்ததற்கு இடம் செய்யவேண்டும். மின்னஞ்சல் மட்டுமே கிடைத்தவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. கோப்பின் முகவரியை மின்னஞ்சலில் எழுதி அனுப்பினால், அக்கோப்பை எழுத்து வடிவத்துக்கு மாற்றித் துண்டு துண்டாகத் திருப்பி அனுப்பும் வழங்கிகள் உலகில் சில இயங்கின. அந்த மாற்றத்தால் கோப்பின் பருமன் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடும். அஞ்சல்கள் வரிசை மாறி வந்தால் அவற்றை அடுக்கி ஒட்டும் பொறுப்பு பெறுபவருடையது.

மெதுவான இணைப்பு சில அரிய கருவிகளையும் பிறப்பித்தது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுந்த இடத்திலிருந்து தொடரவும் விடாமல் மீண்டும் மீண்டும் முயலவும் தெரிந்த டபிள்யூகெட் நிரலை 1996இல் எழுதியவர் குரோவேஷியாவின் ஹர்வோயே நிக்ஷிச். பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும் ஆர்சிங்க் நிரலை அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மக்கரசும் உருவாக்கினார்கள். இன்று பெரும் தரவு மையங்களுக்குள் ஓடும் இவ்விரு கருவிகளின் வடிவமைப்பிலும் நம்பகமற்ற, ஒடுங்கிய கம்பியைப் பற்றிய எச்சரிக்கை உணர்வு இன்னும் குடியிருக்கிறது.

*

இறக்கியாயிற்று, நிறுவியும் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகே அக்காலத்தின் பெரிய முடிச்சு எதிர்ப்படும். லினக்ஸில் இணையத்தோடு இணைய மோடம் வேலை செய்யவேண்டும். மோடம் வேலை செய்ய இயக்கி நிரல் வேண்டும். அந்த நிரலோ இணையத்தில் இருக்கிறது.

தொடர்முனையில் செருகும் வெளிமோடம் வைத்திருந்தவர்களுக்கு இச்சிக்கல் இல்லை. 1990களின் பிற்பாதியில் மலிவுவிலைக் கணினிகளோடு வந்தவை வின்மோடம் எனப்பட்ட உள் அட்டைகள். உண்மையான மோடம் தன் வன்பொருளில் செய்யவேண்டிய ஒலிக்குறிப்புச் செயலாக்கத்தை இவை கணினியின் மையச் செயலகத்தின் தலையில் கட்டின. அதைச் செய்யும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டிருந்தது. லினக்ஸின் கண்ணுக்கு அந்த அட்டை ஒரு வெற்றுத் தகடு. விலை குறைவு என்பதாலேயே அதை வாங்கிய நடுத்தரக் குடும்பத்து மாணவருக்கே இந்தத் தடை அதிகம் வாய்த்தது.

ஆகவே ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வைத்துக்கொள்வது பலருக்குத் தவிர்க்க முடியாததாயிற்று. விண்டோஸில் நுழைந்து தொலைபேசியைச் சுழற்றி, இயக்கி நிரலை இறக்கி, விண்டோஸ் பிரிவிலேயே சேமிக்க வேண்டும். கணினியை அணைத்து லினக்ஸில் நுழைந்து, அந்தப் பிரிவைத் திறந்து கோப்பை எடுத்துத் தொகுக்க வேண்டும். தொகுக்கும்போது கருவகத்தின் மூலநிரல் இல்லை என்று ஒரு வரி வரும். 1999 ஜனவரியில் வந்த 2.2 கருவகத்தின் மூலநிரல் சுருக்கப்பட்ட நிலையிலேயே 10 மெகாபைட்டுக்கு மேல். மீண்டும் விண்டோஸ், மீண்டும் தொலைபேசி. இரண்டு இயங்குதளத்துக்கு இடம் செய்ய வன்தட்டைப் பிரிப்பதும் துணிகரச் செயலே. ஓர் எண் தவறினால் வீட்டிலிருப்போரின் கோப்புகள் அனைத்தும் போய்விடும். திரையின் அதிர்வெண்ணைத் தவறாகக் குறித்தால் பழைய திரைகள் பழுதாகக்கூடும் என்று எக்ஸ் சாளர அமைப்பின் ஆவணங்களே எச்சரித்தன.

இணைப்பை ஏற்படுத்தும் வழிமுறையும் ஒரு சிறு நாடகம் எழுதுவதுபோல்தான். மறுமுனைக் கணினி பயனர்பெயர் கேட்டால் இதைச் சொல், கடவுச்சொல் கேட்டால் அதைச் சொல், இணைப்புக் கிடைத்ததும் பிபிபி நெறிமுறையைத் தொடங்கு என்று உரையாடல் வரிகளை ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். மறுமுனை கேட்கும் சொல்லில் ஓர் எழுத்து மாறினாலும் உரையாடல் முறிந்துவிடும். சரியான வரிகளை ஓர் ஊரில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டால், அதே இணையச் சேவையைப் பயன்படுத்தும் பிறருக்கு அந்தக் கோப்பு ஒரு புதையல். தாளில் எழுதியும் வட்டில் பதிந்தும் அதைக் கைமாற்றிக்கொண்டார்கள்.

சிக்கல் வரும் நேரத்தில் தொலைபேசி இணைப்பும் இணையத்திலேயே மாட்டியிருக்கும் என்பதால் யாரையும் அழைத்துக் கேட்கவும் வழியில்லை. எனவே குறுந்தகட்டிலேயே வந்த ‘ஹவ்டு’ கையேடுகளை வரிவரியாகப் படிக்கும் பழக்கம் வேரூன்றியது. தேடுபொறியில் பிழைச்செய்தியை ஒட்டி விடைபெறும் இன்றைய பழக்கத்திலிருந்து இது அடிப்படையில் வேறான கற்றல். அதற்காக அதைப் பொற்காலம் என்று போற்றுவது பிழை. அந்தப் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் தடையின்றிப் படிக்கத் தெரிந்தவர்களே முடிச்சை அவிழ்த்தார்கள். மற்றவர்கள் அவிழ்த்தவரின் வீட்டுக்குப் போனார்கள்.

*

முழு வழங்கலையும் கம்பிவழி இறக்குவது பெரும்பாலோருக்கு இயலாது என்பது தெளிவானதும் வேறு வழி திறந்தது. 1996இல் பிசி குவெஸ்ட் இதழ் லினக்ஸ் குறுந்தகட்டை இதழோடு இணைத்து வழங்கியது. இம்முயற்சியின் உந்துவிசையாக இருந்தவர் பெங்களூரைச் சேர்ந்த அதுல் சிட்னிஸ் (1962–2013). பின்னர் அவ்விதழ் ‘பிசிக்யூ லினக்ஸ்’ என்ற பெயரில் தானே தொகுத்த வழங்கல்களை வெளியிட்டது. 158 மணி நேரத் தரவு ஓர் இதழின் விலைக்கு, அஞ்சலிலும் புத்தகக் கடையிலும் கிடைத்தது. நாட்டின் அகலமான தரவு வழி அன்று அஞ்சல் துறையே என்று சொன்னால் அது மிகையாகாது. 2003இல் தில்லியின் ஈஎஃப்ஒய் குழுமம் ‘லினக்ஸ் ஃபார் யூ’ இதழைத் தொடங்கியபோது அதற்கான வாசகர்கூட்டம் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது.

இது சட்டப்படி இயன்றதற்கு ஒரு பழைய முடிவு காரணம். டோர்வால்ட்ஸ் தம் முதல் பதிப்புக்கு எழுதிய உரிமம், பணம் பெற்று வழங்குவதைத் தடைசெய்தது. படியெடுக்கும் கையாட்கூலிக்குக்கூட அதில் இடமில்லை. 1992இல் 0.12 பதிப்பை ஒட்டி அவர் ஜிஎன்யூ பொது உரிமத்துக்கு மாறினார். படியெடுத்து வழங்கும் வேலைக்குக் கட்டணம் பெறலாம்; பெற்றவர் மேலும் படியெடுப்பதை மட்டும் தடுக்கக் கூடாது என்பது அவ்வுரிமத்தின் நிலைப்பாடு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985இல் ஈமேக்ஸ் நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றதும் இதே அடிப்படையில்தான். நல்ல இணைப்புள்ள நாட்டில் இந்தப் பிரிவு ஒரு சட்ட நுணுக்கம். வட்டுக்கும் தபாலுக்கும் கைவேலைக்கும் யாராவது செலவு செய்தாக வேண்டிய நாட்டில், இதழாசிரியரும் சிறு வணிகரும் மாணவரும் வெளிச்சத்தில் நின்று படியெடுத்துக் கொடுக்க இதுவே துணை.

வெளிச்சத்தில் என்ற சொல்லுக்கு இங்கே பொருள் உண்டு. தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய கணினிச் சந்தைகளில் திருட்டுப்படியாக எந்த மென்பொருளும் தட்டுவிலைக்குக் கிடைத்த காலம் அது. விண்டோஸும் லினக்ஸும் அங்கே ஏறத்தாழ ஒரே விலை. ஆகவே ‘இலவசம் என்பதால் இந்தியர்கள் லினக்ஸை நாடினார்கள்’ என்ற பொதுவான விளக்கம் நிற்காது. இரண்டு தட்டுகளுக்கும் உள்ள வேறுபாடு விலையில் இல்லை. ஒன்றைப் படியெடுத்தவர் மறைக்கவேண்டியிருந்தது, மற்றொன்றைப் படியெடுத்தவர் கல்லூரி அரங்கில் மேடைபோட்டு வழங்க முடிந்தது என்பதில் இருந்தது. லினக்ஸ் பயனர் குழுக்கள் பல நகரங்களில் தோன்றியது இதன் தொடர்ச்சியே. சென்னையில் 1998இல் தொடங்கிய குழுவின் மாதக் கூட்டங்கள் ஐஐடி வளாகத்தில் நடந்தன. நிறுவல் விழா என்ற நிகழ்வில் மக்கள் கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெரிந்தவர் தெரியாதவருக்கு நிறுவிக் கொடுத்தார். தரவு கணினியைத் தேடி வர முடியாததால், கணினி தரவைத் தேடிப் போனது.

சுவடிப் படிப்பில் பழகியவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது. மூலம் தொலைவில் ஓரிடத்தில் இருக்கிறது. அதைக் கண்டவர் ஒருவர் படியெடுக்கிறார், அப்படியிலிருந்து இன்னொருவர். ஒவ்வோர் ஊரிலும் புழங்கும் பிரதி மூலத்தைவிடச் சில மாதங்களோ ஆண்டுகளோ பழையது. இடையில் சேர்ந்த திருத்தங்கள் சிலரிடம் உண்டு, சிலரிடம் இல்லை. கருவக நிரலாளர்கள் ‘ஒட்டு’ என்று வழங்கிய சிறு கோப்பு, இரண்டு பிரதிகளுக்கு இடையிலான பாடவேறுபாடுகளின் பட்டியலேயன்றி வேறில்லை. பழைய மூலநிரல் கையில் இருப்பவர் சில நூறு கிலோபைட் ஒட்டை இறக்கிப் பொருத்தினால் புதிய பதிப்பை அடைந்துவிடலாம். ஒப்புமை இத்துடன் நிற்கிறது. ஏடெழுதியவர் தம் பெயரைச் சுவடியின் இறுதியில் எழுதிவைத்தார்; குறுந்தகட்டைப் படியெடுத்தவர் தட்டின்மேல் பதிப்பெண்ணை மட்டும் பேனாவால் எழுதினார்.

*

கைமாறிச் செல்லும் எந்தப் பொருளும் கைகளின் படிநிலையை ஒட்டியே செல்லும். வளாக இணைப்பு உள்ள நிறுவனத்தின் மாணவர் முதல் கை. அவருடைய பள்ளித் தோழரோ உறவினரோ இரண்டாம் கை. மாவட்டத் தலைநகரின் சுயநிதிக் கல்லூரி மூன்றாம் கை. யார் யாருக்கு அறிமுகம் என்பதே தரவின் பாதையைத் தீர்மானித்தது. அறிமுகங்களோ இந்தியாவில் சாதியையும் வகுப்பையும் மொழியையும் கடந்து எளிதில் செல்வதில்லை. பாலினமும் அப்படியே. இறக்குவதற்கு உகந்த நேரம் பின்னிரவு. அதே நேரத்தில் மாணவியர் விடுதிகளின் கதவுகள் அடைபட்டுக் கிடந்தன. தெரியாத ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து நிறுவிக்கொடுப்பது ஓர் இளைஞருக்கு எளிது, ஓர் இளம்பெண்ணுக்கு அப்படியல்ல. கட்டற்ற மென்பொருள் உலகில் பெண்கள் குறைவு என்ற கூற்றை ஆர்வத்தின் கணக்கில் எழுதுவோர், இந்த மணிக்கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொரு குறையும் அடிக்கடி சொல்லப்பட்டது. இந்தியர்கள் கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறார்கள், திருப்பித் தருவதில்லை என்பது அது. இக்குற்றச்சாட்டைக் கம்பியின் அகலத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். குறுந்தகடு ஒருவழிப் பாதை. அது பெறுவதற்கு உதவும், அனுப்புவதற்கு உதவாது. பெரிய திட்டமொன்றின் நிரலுக்குப் பங்களிப்பவர் நாள்தோறும் மாறும் களஞ்சியத்தோடு தம் பிரதியை ஒத்திசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆறு மாதப் பழைய தட்டை வைத்துக்கொண்டு ஒருவர் கண்டுபிடிக்கும் வழு, மூலத்தில் எப்போதோ திருத்தப்பட்டிருக்கும்.

அப்படியானால் மெல்லிய கம்பியில் மேல்நோக்கி ஏறக்கூடியது எது? சிறிய எழுத்துக்கோப்பு. மென்பொருளின் இடைமுகச் சொற்களைக் கொண்ட மொழிபெயர்ப்புக் கோப்பு சில பத்து கிலோபைட்களே இருக்கும். தொலைபேசி இணைப்பைத் துண்டித்துவிட்டு நாள்கணக்கில் அதில் வேலை செய்யலாம். முடித்த பின் ஒரு நிமிடம் இணைந்து மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். 2000ஆம் ஆண்டையொட்டித் தமிழ், இந்தி முதலிய இந்திய மொழிகளில் கேடீஇ, க்னோம் மேசைச் சூழல்களைத் தன்மொழியாக்கும் முயற்சிகள் துளிர்த்ததற்கு மொழிப்பற்று முதன்மைக் காரணம் என்பதில் ஐயமில்லை. அந்தப் பற்று செயலாக முடிந்ததற்குக் கோப்பின் சிறுமையும் ஒரு காரணம். ஆங்கிலம் அறியாதவருக்குக் கையேடு எட்டவில்லை என்ற குறையைப் போக்கும் வேலையும், குறைந்த வேகத்தில் செய்யக்கூடிய வேலையும் ஒன்றாகவே அமைந்தன. கணினித் தமிழின் சொல்லாக்க வரலாற்றை எழுதுவோர் கலைச்சொற் குழுக்களோடு சேர்த்து இந்தக் கம்பியையும் கணக்கில் கொள்ளலாம்.

*

2004 அக்டோபரில் வந்த அகன்ற அலைவரிசைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டை அகன்ற அலைவரிசையின் கீழெல்லையாக வரையறுத்தது. 2005இல் பாரத் சஞ்சார் நிகம் அத்தகைய இணைப்புகளை வழங்கத் தொடங்கியது. அதன் வீட்டுத் திட்டமொன்றில் பின்னிரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை தரவுக்கு அளவில்லை என்ற சலுகை இருந்தது. 256 கிலோபிட் வேகத்தில் ஒரு 650 மெகாபைட் தட்டு இறங்க ஆகும் நேரம் 5 மணி 55 நிமிடம். அந்த ஆறு மணி நேர இடைவெளியில் ஒரே ஒரு லினக்ஸ் வழங்கல் அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

அதே ஆண்டுகளில் உபுண்டு நிறுவனத்தார் உலகெங்கும் கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தகட்டை இலவசமாக அஞ்சலில் அனுப்பினார்கள். அத்திட்டம் 2011 ஏப்ரலில் முடிவுற்றது. இதனிடையே 2001இல் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டு, கேரளப் பள்ளிகளில் கட்டற்ற இயங்குதளம் நிலைபெற்றது. இன்று கைப்பேசி வழியே சில நிமிடங்களில் ஒரு வழங்கலை இறக்கிவிடலாம். நிறுவுவதற்கு யாருடைய உதவியும் தேவையில்லை. யாரையும் சந்திக்க வேண்டிய அவசியமும் இல்லை.

தொழில்நுட்ப வரலாற்றாய்வு இன்று பெரிதும் நம்பும் ஆவணம் களஞ்சியப் பதிவேடு. யார், எந்த நாளில், எந்த வரியை எழுதினார் என்பது அதில் துல்லியமாக இருக்கிறது. எழுதியவர்களின் வரலாற்றுக்கு அது போதும். சுமந்தவர்கள் அதில் இல்லை. பின்னிரவில் கண்விழித்து எழுபது வட்டுகளை எழுதியவர், மிதிவண்டியில் தட்டை எடுத்துச்சென்று அடுத்த ஊர்க் கல்லூரியில் நிறுவியவர், உரையாடல் கோப்பின் சரியான வரியைத் தாளில் எழுதித் தந்தவர் ஆகியோரின் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. உலகின் பெரும்பகுதிக்கு இந்த இயங்குதளம் போய்ச்சேர்ந்தது இத்தகையோர் வழியாகத்தான். அவர்கள் இல்லாத வரலாறு, இணைப்பு நன்றாக இருந்த நாடுகளின் வரலாறாகவே எஞ்சும்.

அவர்களுடைய சான்றுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. நெகிழ்வட்டின் காந்தப்பூச்சு உதிர்கிறது. வீட்டில் எழுதிய குறுந்தகட்டின் சாயம் வெளுக்கிறது. இரண்டையும் படிக்கும் கருவி புதிய கணினிகளில் இல்லை. அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று ஐம்பது நெருங்குகிறது. வாய்மொழி வரலாறாகப் பதிய இன்னும் காலம் இருக்கிறது. தொடக்கம் மிகவும் எளியது. ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் 1990களின் கணினி இதழ்த் தொகுப்பைத் திறந்து, அட்டையோடு வந்த தட்டு இன்னும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால், அது படிக்கப்படும் நிலையில் இருக்கும்போதே ஒரு படி எடுத்துவைக்கலாம். அதற்கான உரிமை 1992இலேயே கிடைத்துவிட்டது.